பேரை அழிச்ச போனுக்கு ஒரு கொரல்

இந்த வாரக் கொரலைக் கேட்டா சிரிப்பு வரும்ணா, வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஆனா இப்ப இல்ல, பதினொரு மணிக்கு. ஆப்பு செஞ்சதுக்குன்னு உங்களுக்குச் சால்வை போட மேடைக்குக் கூப்புடறதும் அந்நேரந்தான். அஞ்சு நிமிசம் இருக்கு. அதுவரைக்கும் இப்புடி உக்காந்து பேசிட்டிருப்போம்.

கோவமா? எனக்கா? சேச்சே. ஆள் கொரல்ல கத்திக் காட்டுப்பன்னி வெரட்டுற ஆப்பை நான் செஞ்சேன், உங்க கடைல டிஸ்ப்ளே மாத்தக் குடுத்த என் போன்ல இருந்து நீங்க உருவிக்கிட்டீங்க, அவ்ளோதானே. முதல் பக்கத்துல காவியா, இண்டூர்னு எம்பேரு இருந்ததை அழிச்சுட்டு, மாதவராஜ் மொபைல்ஸ்னு போட்டு எல்லார் போன்லயும் ஏத்திக் குடுத்தீங்க. எழுத்துகூட அழகாத்தான் இருக்கு.

ஆப்புல கத்துற கொரலா? எல்லாமே நான் மிமிக்ரி பண்ணதுதாண்ணா. தீர்த்தகிரி மாமா கடலைக்காட்டுல கத்துவாரே, ஏஏய் ஹோய்ய்... பாருங்க, அவரே திரும்பிப் பாக்கறாரு. லூர்துமேரி அக்கா தகரத்தைத் தட்டிக்கிட்டுத் திட்டறதும் நாந்தான். பன்னி லேசுப்பட்டதில்ல. ஒரே கொரலைப் பத்து நாள் கேட்டுச்சுன்னா, ஆளில்ல, வெறும் சத்தம்னு தெரிஞ்சுக்கிட்டு மேயும். அதான் வாரா வாரம் புதுக் கொரல்.

எங்கிருந்து வருதா? என்னண்ணா, நீங்க செஞ்ச ஆப்பாச்சே. எங்க வூட்ல இருந்து நான் நெட்ல ஏத்தறேன், எல்லாப் போனும் எடுத்துக்குது. எம்பேரு இருக்கிற போனுக்கு ஒரு கொரல், அழிச்ச போனுக்கு வேற கொரல். இந்த வாரத்துது பதினொரு மணிக்குத் தானாப் பேசும். நீங்கதான் பேரை மட்டும் மாத்திட்டு மிச்சத்தைத் தொறந்துகூடப் பாக்கலயே.

எம்பேரு எங்கன்னு கேக்க உங்க கடைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? உள்ள யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தீங்க. இந்தக் காட்டானுங்களும் பன்னியும் ஒண்ணுடா, எதைக் காட்டுனாலும் நம்பிரும். உங்க கொரல் சரியா வருதாண்ணா? மூக்கால பேசணும், கடைசில ஒரு இழுப்பு. இந்த வாரத்துக்காக ரெண்டு நாள் பழகுனேன்.

மண்டப வாசல்லயே வந்தவங்க போனை எல்லாம் வாங்கி, சத்தத்தை முழுசா ஏத்திக் குடுத்தேன்; எல்லாத்துலயும் நீங்க பேரை அழிச்ச ஆப்புதான். மாதவராஜ் அண்ணன் எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போறாருன்னு சொன்னேன். உங்கம்மா போன்லயுந்தான். பாவம், பட்டுச்சேலை கட்டிக்கிட்டு முன்வரிசைல உக்காந்திருக்காங்க.

ஏண்ணா, உங்க போனை எதுக்கு அவசரமா அமத்தறீங்க? அது ஒண்ணுதானே. மண்டபத்துல இன்னும் இருநூறு இருக்கே.