பிரிவினை அக்காவின் முதல் வரிசை

கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவின் துணைவரே, அவருடைய அருமை மகளே, வேலை உடையோடு அப்படியே வந்திருக்கும் என் சலவைக்கூடத் தோழிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சலவைத் தொழிலாளர் சங்கத்தின் நிறுவனத் தலைவரை நாம் இழந்துவிட்டோம். அவரை நாங்கள் அக்கா என்றோம். மற்றவர்கள் 'பிரிவினை அக்கா' என்றார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்களில் சிலர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம், அக்காவே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் எதைப் பிரித்தார்? அந்த நாளில் நாம் எல்லோரும் ஒரே சங்கம். ஆனால் சங்கக் கூட்டத்தில் வார்டு ஊழியர்களுக்கு நாற்காலி, மருந்தகத்தாருக்கு நாற்காலி, எங்களுக்கு மட்டும் வாசல். நோயாளிகளின் விரிப்பைத் துவைக்கிறவர்கள் மேல் வாடை வருகிறதாம். ஒருநாள் அக்கா பேச வேண்டும் என்று முன்னால் நடந்தார். வாசலில் இருந்தே சொல்லுங்கள், கேட்கும் என்றார்கள். அக்கா நின்றார்.

"இங்கருந்து பேசுறது கேட்கும்னா, வெளியிலருந்து பேசினாலும் கேட்கும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஒற்றுமையைக் குலைத்தவர் என்று அவரை ஏசாத வாய் இல்லை. அக்கா கேட்டது ஒன்றுதான். "பிரிஞ்சு போனவங்களை எல்லாரும் கேள்வி கேட்கிறீங்க. பிரிச்சு வெச்சவங்களை ஏன் யாரும் கேட்கல?" நாடு பிரிந்தாலும், சபை பிரிந்தாலும், ஒரு தெரு இரண்டானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

அதற்காக எங்களை அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. சைக்கிள் கடை மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை பிடித்தோம். முதல் கூட்டத்திலேயே ஒரு தோழி தன் சாமி படத்தை மாட்ட ஆணி அடித்துவிட்டார். அப்படியானால் எங்கள் ஜெபத்தோடுதான் தொடங்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கூட்டம் போட்டுவிடலாம் என்று தீர்ப்பு சொன்ன மேதாவி ஒருத்தியும் இருந்தாள். அக்கா ஸ்டூலில் ஏறி ஆணியைப் பிடுங்கினார்.

"வீட்ல கும்பிடுங்க, நானும் கும்பிடுறேன். இங்க ஒருத்தர் சாமி உள்ள வந்தா, இன்னொருத்தர் வாசல்ல நிக்கணும். அதுக்கா அங்கருந்து கிளம்பி வந்தோம்?"

அந்த ஆணி அடித்த ஓட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. வெள்ளை அடிக்கும்போதுகூட அதை அடைக்க விடமாட்டார்.

பிறகு சம்பளப் போராட்டம் வந்தது. நிர்வாகம் நாங்கள் விட்டு வந்த பெரிய சங்கத்தின் கூடத்தைப் பூட்டியது. நன்றாக வேண்டும் என்று நாங்கள் கைகொட்டினோம். அக்காவோ நேரே போய் அவர்களை எங்கள் மாடிக்கு அழைத்து வந்தார். தலைவர் அவர்கள் படியிலேயே தயங்கி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"முன்னாடி வந்து உக்காருங்க தம்பி. பின்னாடி ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேட்காது" என்றார் அக்கா.

அன்று சேர்ந்து போராடியதால்தான் இன்று நம் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வோம்? கடைசி நாட்களில் நம் மருத்துவமனையிலேயே, நாங்கள் தேய்த்த விரிப்பில் அக்கா படுத்திருந்தபோது அவரிடம் கேட்டேன், மறுபடியும் ஒரே சங்கமாகச் சேரப் பெரிய சங்கத்தார் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று. "சேருங்க. வாசல்ல நிக்க வெச்சா திரும்பக் கிளம்புங்க" என்றார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

அந்த இணைப்புத் தீர்மானம் இதோ என் கையில் இருக்கிறது. எங்கள் சங்கக் கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது, நான் படித்தால் போதும். அக்கா விட்ட வேலையை நாங்கள் தொடர்வோம் என்று உறுதியும் சொல்கிறேன்.

ஆனால் தோழிகளே, இங்கிருந்து பார்க்கிறேன். முதல் வரிசை காலியாகக் கிடக்கிறது. நீங்களோ பழக்கத்தில் வாசலோரம் நிற்கிறீர்கள். உங்களை யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

நான் கூப்பிடுகிறேன். முன்னால் வந்து உட்காருங்கள். பிறகு படிக்கிறேன்.