பேச்சுக்காரன் வெளியேறும் வழி

அந்த நாற்காலி வேணாம் தோழர், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. வெளிய என்ன பெருசா இருக்கு, பனியும் இந்த முதியோர் இல்லத்து மேனேஜரோட சிவப்புக் காரும்தான். நீ ஏத்திட்டுப் போக வந்த ஹில்யா இப்ப வந்துடுவா. ஊரை விட்டே போறவ, தலையாவது சீவ வேணாமா?

தோழர்னா ஏன் நெளியற? நீயும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்தானே. டெட்ராய்ட்லேர்ந்து பெரிய பாலம் தாண்டி இந்த ஹேன்காக் ஊர் வரைக்கும் வந்திருக்க, நடுவுல ஓய்வு குடுத்தாங்களா? பாத்தியா. சங்கம்? அதுவும் இல்லையா? அப்ப அந்தக் காபியை நிதானமாக் குடி. ஓய்வை எந்த முதலாளியும் குடுக்க மாட்டான், நாமதான் எடுத்துக்கணும். ஏலக்காய் ரொட்டியும் இருக்கு, தொட்டு சாப்பிடு.

என்ன கூச்சலா? அது எல்மர். பல்செட் காணாமப் போச்சாம். மேனேஜர், நர்ஸம்மா, சமையல்காரி எல்லாரும் அவன் கட்டிலுக்கு அடியில கெடக்காங்க. நீ சாப்பிடு.

என் பேரு ஆர்விட் கெஸ்கிதாலோ. செம்புச் சுரங்கத்துல இருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம்னா துண்டறிக்கைதான். படிச்சதும் அதுதான், பின்னாடி எழுதினதும் அதுதான். நான் பேசித்தான் ஆயிரம் பேர் வேலைநிறுத்தம்னு வெளிய வந்தாங்க. அப்புறம் அவங்க எல்லாம் வேற வேலைக்குப் போயி வீடு கட்டிக்கிட்டாங்க. நான் மேடை மேலயே நின்னுட்டேன். போகட்டும்.

அந்தக் கறுப்புப் பெட்டியா? வீடியோ கேம். கை நடுக்கத்துக்கு நல்லதுன்னு டாக்டர் வாங்கி வைக்கச் சொன்னார். நானும் ஹில்யாவும்தான் ஆடுவோம். எங்ககிட்ட ரெண்டே ஆட்டம்.

ஒண்ணு பதுங்கிப் போற ஆட்டம். ஒரு கோட்டை, அதுக்குள்ள நூறு காவலாளி. ஒவ்வொருத்தன் கண்ணுலேர்ந்தும் பச்சையா ஒரு முக்கோணம், வெட்டின கேக்குத் துண்டு மாதிரி தரையில விழும். அதுக்குள்ள நீ கால் வெச்சா தீந்தது. வெக்கலைன்னா அவன் மூக்குக்குப் பக்கத்துலயே நீ நடந்து போலாம். கூட நிக்கிறவன் நாம அடிச்சதுல மயங்கிக் கெடப்பான், இவன் வந்து பாப்பான், யாரதுன்னு கத்துவான், கொஞ்ச நேரம் புதரைக் கிளறுவான், அப்புறம் பழைய இடத்துலயே போய் நின்னுப்பான். எழுதினவன் எங்க சுரங்க நிர்வாகத்தைப் பாத்திருக்கணும், தத்ரூபமா இருக்கு.

கொல்றதா? கொல்லலாம், பொத்தான் இருக்கு. நான் கொல்ல மாட்டேன். காவலாளியும் கூலிக்காரன்தானே! ஒவ்வொருத்தனா கட்டிப்போட்டு வைக்கோல் போர்ல படுக்க வெப்பேன். நூறு பேரையும். ஹில்யாவுக்குப் பொறுமை போயிடும். ஏய் கிழவா, அவனுங்க படம்டா, சம்பளம் வாங்கல, சீக்கிரம் முடி, எனக்கு ரேலி ஆடணும்னு கத்துவா. சம்பளமே இல்லாம நிக்கிறானா, அப்ப இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன்.

அந்த ரேலிதான் ரெண்டாவது ஆட்டம். காட்டுக்குள்ள சரளைக்கல் ரோட்டுல கார்ப் பந்தயம். பக்கத்து சீட்ல ஒருத்தன் உக்காந்து வரப்போற திருப்பத்தைப் படிச்சுக்கிட்டே வருவான். இடது மூணு, மேடு, வலது ரெண்டு, உள்பக்கமா வெட்டாதேன்னு. நம்பர் குறைய குறைய வளைவு கடுமை. கோப்பை யாருக்குன்னு நினைக்கிற? ஓட்டினவன்தான் தலைக்கு மேல தூக்குவான். திருப்பம் படிச்சவன் ஓரமா நின்னு கை தட்டணும். அந்தத் திமிரு எனக்குப் புடிக்கல. ஆனா அந்தக் கல்லு வண்டி அடியில தெறிக்கிற சத்தம் இருக்கே, அதுக்காக எதையும் மன்னிக்கலாம். நான் ஓட்டினா இடது திருப்பமெல்லாம் அழகா வரும், வலதுல மரத்துலதான் நிக்கும். கொள்கைன்னு சொல்லிப் பாத்தேன், ஹில்யா சிரிக்கல.

அவ ஓட்டுவா பாரு! நாப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ, இதே ஊர்ல, இதே பனியில. பெட்டிக்குள்ள படிக்கிறவன் குரலையே அணைச்சுட்டா. வழி தெரியாதவன் எனக்கு வழி சொல்றதான்னு. அப்புறம் ஒரு நாள், நீ படி ஆர்விட், உனக்குத்தான் வாய் ஓயாதேன்னா. அதுலேர்ந்து அவ ஓட்டுவா, நான் படிப்பேன்.

அவளைத்தான் ஓட்டத் தெரியாதுன்னு சொல்றான் அவ மகன் கென்னத். உன்னை அனுப்பினவன் அவன்தான். இடுப்பு உடைஞ்சு, போன குளிர்காலம் இங்க வந்தா. சரியாயிடுச்சு, நல்லா நடக்கிறா. ஏரிக்கரையில சொந்த வீடு, சாவி அவ கழுத்துச் சங்கிலியில தொங்குது. வீட்டுக்குப் போறேன்டான்னா, உன்னால தனியா முடியாதும்மான்னு அவ காரை வித்துட்டு, டெட்ராய்ட் பக்கம் ஒரு இல்லத்துல இடம் புடிச்சிருக்கான். அவளை ஒரு வார்த்தை கேக்கல. பார்சல் மாதிரி. ஆனா அவ தன் வீட்டுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா எந்த மகனாலயும் அசைக்க முடியாது. புத்தி தெளிவா இருக்கிறவளை எந்தச் சட்டமும் தூக்காது. வக்கீலைக் கேட்டுட்டேன்.

உன் மேல கோவம் இல்ல தோழர். நீயும் காவலாளி மாதிரிதான். உக்காரு, உக்காரு. அது குப்பை வண்டி சத்தம். இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்க.

அந்தக் கோட்டை ஆட்டத்துல ஒரு சிக்கல், அதை மட்டும் கேளு. நம்ம ஆளுங்க நாலு பேரு. ஒருத்தன் சுவர் ஏறுவான். ஒருத்தன் எங்கயாச்சும் கூச்சல் கிளப்பி பாதிக் காவலை அங்க இழுப்பான். ஒருத்தி கார் மாதிரி ஓடுவா. நாலாவது ஆளு பேச்சுக்காரன். அவன் காவலாளி எதிர்ல போயி வாயடிச்சான்னா, காவலாளி முதுகுக்குப் பின்னாடி மூஸ் மான் கூட்டமே போனாலும் திரும்ப மாட்டான். ஆனா பேச்சை நிறுத்தினா திரும்பிடுவான். அதனால பேசறவன் அங்கயே நிக்கணும். மத்தவங்க வாசலுக்குப் போயிடுவாங்க, நாலு பேரும் வந்தாதான் ஜெயிப்புன்னு பெட்டி சொல்லும். மூணு வாரமா தோக்கிறோம். நீ எப்படிடா வெளிய வருவன்னு ஹில்யா தினமும் கேப்பா. பேசறவன் வெளிய வர மாட்டான், அதான் அவன் தலையெழுத்துன்னு சொல்லிட்டு நான் படுக்கப் போயிடுவேன்.

நேத்து சாயங்காலம்தான் புரிஞ்சுது. காவலாளியையே கூட்டிக்கிட்டு நடந்து வெளிய வந்துடலாம்.

இப்ப திரும்பிப் பாக்கலாம் நீ. ஆமா, சிவப்புக் கார் இல்ல, ஹில்யா ஓட்டிட்டுப் போயிட்டா. மேனேஜர் கழட்டி மாட்டின கோட்டுலயே சாவியை விட்டுட்டு எல்மர் கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. ஏரிக்கரைக்கு வந்து அவர் காரை எடுத்துக்கட்டும், ஹில்யா ஒரு கீறல் வெக்க மாட்டா. உன் வண்டியைத் தொடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன், அது தொழிலாளி சொத்து.

இந்தா, எல்மரோட பல்செட், கைக்குட்டையில சுத்தி வெச்சிருக்கேன். மேசை மேல வெச்சுடறேன், பாவம், ரொட்டி திங்கணும் அவன்.

கோவிச்சுக்காத. ஒரு கிழத்தை ஏத்திட்டு வரத்தானே அனுப்பினாங்க? நான் இருக்கேன். பை கூட கட்டியாச்சு, உன் நாற்காலிக்கு அடியிலதான் இருக்கு. ஏரி வழியா போ, அவ வீட்டு வாசல்ல என்னை இறக்கி விட்டுட்டு நீ உன் பாட்டுக்குப் போ. அவ பக்கத்து சீட்டு காலியா போயிருக்கு, யாரும் படிக்காம ஓட்டிப் போறா.

காபி குடிச்சாச்சா? எழுந்திரு தோழர். கேட்டைத் தாண்டினதும் இடது நாலு, அப்புறம் மேடு. நான் படிக்கிறேன், நீ ஓட்டு.