தூங்குகிற செடி

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் யுத்த காலத்து பஸ், அக்கினி நட்சத்திர வெயிலில் ஆலங்குடிக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் கண்ணை முக்கால்வாசி மூடித் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் பேச்சைக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே கௌரவமான வழி அதுதான். பக்கத்தில் ஒரு கணவன் மனைவி. அவள் மடியில் சின்னத் தொட்டி. அதில் தடித்த இலைகள் சுருங்கிய ஒரு செடி.

"மெல்லப் பேசு புள்ள, அது தூங்குது" என்றார் கணவர்.

"செடியாவது தூங்குறதாவது! வாடிக் கெடக்குங்க."

"குன்னூர்ல தொரை வீட்டுத் தோட்டத்துல இதை வளத்தவன் சொல்றேன். கோடையெல்லாம் தூங்கும். ஐப்பசி மழைக்கு முழிச்சுத் துளிர் விடும். அப்ப ஊத்து தண்ணிய."

"அதுவரைக்கும் காயப் போடச் சொல்றீங்களா?"

"போன வருசம் கொண்டாந்ததை என்ன பண்ணுன? சிவன் கோயில்ல லிங்கத்துக்கு மேல கட்டுற மாதிரி ஓட்டைச் செம்பைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டா அழுக வச்ச."

"சாமிக்கே தாங்காத வெயிலு, இந்தப் பச்சப்புள்ளைக்குத் தாங்குமான்னு பாத்தேன்."

"தொரை பட்டாளத்துக்குப் போயிட்டாரு, வீட்டையும் பூட்டியாச்சு. இதுவும் போனா வேற கெடையாது."

அவள் இலையைத் தடவிக்கொடுத்தாள். "சரி, தூங்கட்டும். செம்பைத் தொட மாட்டேன்."

பிறகு கூஜா திறக்கும் சத்தம் கேட்டது. என் தொண்டை விழித்துக்கொண்டது.

"பாவம், இவரு ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு. ரெண்டு வாய் குடேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

"தூங்குறாருங்க. ஐப்பசியில பாத்துக்கலாம்."

கூஜா மூடிக்கொண்டது. ஆலங்குடி வரை நான் மிக நேர்மையாகத் தூங்கினேன்.