உள்ளே இருந்த குடித்தனக்காரர்கள்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால், எந்தக் கரண்டி என்று இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுவேன். தூள் டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியானது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. வெண்டைக்காயை ஊறவைத்து, அந்த வழுவழுப்பில் ஸ்பிரிட்டை ஊற்றினால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி திரளுமாம். அதைக் காயவைத்துப் பொடித்துக் கொண்டுவந்தாள். பகலில் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

"அக்கா, இது அப்பாவுக்கு இல்ல. குடல்ல நல்ல கிருமிங்க குடியிருக்கு, அதுங்களுக்குச் சாப்பாடு. அரை ஸ்பூன், ரெண்டு டம்ளர் தண்ணி. தண்ணி குறைஞ்சா உள்ளயே கட்டிக்கும், மறந்துடாதீங்க."

"அப்போ உங்கப்பா வெறும் வீட்டுக்காரர்தான்னு சொல்லு."

பெரியவர் கட்டிலிலிருந்தே சிரித்தார். "குடி வந்ததுங்க போடுற சத்தம்தான் தாங்கல, ரேடியோ."

தெருவில் எனக்கு அந்தப் பெயர். என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள் வைத்தது.

முதல் மாதம் அவருக்கு வயிறு சரியில்லை. சாயங்காலம் அந்தப் பெண் நேராக என் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் கேட்பாள். எத்தனை தடவை போனார், முகம் சுளித்தாரா, எல்லாம். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். என் பேச்சை ஒருத்தர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பிறகு தூள் வேலை செய்தது. பெரியவர் தேறினார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "நல்லா இருக்காரா? சரிக்கா," என்று போக ஆரம்பித்தாள்.

அரை ஸ்பூனை ஒன்றாக்கினேன். பிறகு மூன்று. தண்ணீரை அரை டம்ளராக்கினேன். வயிறு நிறைந்துவிடும்; பசிக்கவில்லை என்பார், தட்டை எடுத்துவிடுவேன். யாரையும் வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள்.

கடைசி நாள், "தண்ணி கொடேன், ரேடியோ," என்றார். குரலில் கிண்டல் இல்லை. அவர் வயிறு கல்லாக இருந்தது. ஒரு மடக்கு கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவளிடம் சொல்ல இரண்டு மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் சொன்னேன், தண்ணீர் விஷயம் தவிர. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவர் காலைவரை இருக்கவில்லை. குடல் அடைத்துவிட்டதாம்.

அவள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். ஆனாலும் சாயங்காலம் அதே நேரத்துக்குச் சுவருக்குப் பின்னால் வயிறு இரையும் சத்தம் வருகிறது. வீட்டுக்காரர் போன சேதி குடித்தனக்காரர்களுக்கு எட்டவில்லை போல. காதை வைத்துக் கேட்டால், தண்ணீர்தான் கேட்கிறார்கள். சுவரோரம் இரண்டு டம்ளர் வைக்கிறேன். இப்போதெல்லாம் அளவு தவறுவதில்லை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொஞ்சம் மெதுவாக எழுதுங்கள். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.