பதினொரு மழைக்காலக் கடிதங்கள்

மேடையில் இருக்கும் டாக்சி ஓட்டுநர் சங்கத் தலைவர் ராசப்பன் அவர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் வசந்தி அவர்களே, கொச்சி மட்டாஞ்சேரி டாக்சி ஸ்டாண்டின் தோழர்களே, வணக்கம்.

நான் வேலன். உங்கள் மூத்த ஓட்டுநர், அமரர் செல்லப்பா ஓட்டிய காரைச் செய்த நம் நாட்டுக் கம்பெனிக்கு எர்ணாகுளத்தில் ஒரு சர்வீஸ் ஷெட் உண்டு. அங்கே நான் சூப்பர்வைசர். அண்ணனை இழந்த வசந்திக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

செல்லப்பாவின் வண்டியை அறியாதவர் யார்? கண்ணாடியை இறக்கும் கைப்பிடிகளில் மூன்று கழன்றுபோயின. மிஞ்சிய ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். யூதர் தெருவான ஜூ டவுனைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம் அதைக் கொடுப்பார், கண்ணாடி இறங்கியதும் மறக்காமல் திருப்பி வாங்குவார். மழை வந்தால் உள்ளே தண்ணீர் ஒழுகும். பயணிகளின் காலுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பார்.

அவர் திட்டவில்லை. எழுதினார்! தொண்ணூற்று மூன்று முதல் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு கடிதம். பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் மலையாளத்தில் எழுதுவார். எங்கே ஒழுகுகிறது, எதை மாற்றினால் நிற்கும் என்று படம் போட்டிருப்பார். அதை இங்கிலீஷில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியவன் நான்.

அடுத்த மாதம் வந்து, பதில் வந்ததா என்று கேட்பார். வரும் என்பேன். சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார்.

தொண்ணூற்று ஒன்பதில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் இந்த ஸ்டாண்டுக்கு வந்தார். செல்லப்பாவின் பின்சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு அவர்களுடைய கார் வந்தது. அதில் மழை ஒழுகவில்லை. ஒருவர் பின் ஒருவராக நீங்கள் எல்லோரும் மாறினீர்கள். உங்கள் மேல் தவறில்லை. இந்த வரிசையில் பழைய வண்டியோடு அவர் மட்டும் நின்றார். பிடிவாதம் என்றீர்கள். தேசபக்தி என்றுகூடச் சிலர் கேலி செய்தோம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நானே கேட்டேன், ஏன் மாறவில்லை என்று. அவர் சொன்னார்:

"கடுதாசி படிச்சிட்டு கம்பெனிக்காரன் ஒரு நாள் நோக்க வருவான், சேட்டா. அப்போ காட்டுறதுக்கு வண்டி வேணும்லா?"



நம் கம்பெனி ஏன் தோற்றது என்று ஊரே கேட்கிறது. வெளிநாட்டுக்காரனிடம் பணம் இருக்கிறது என்கிறார்கள், இயந்திரம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதினொரு கடிதங்கள். ஒன்றைக்கூட நான் அனுப்பவில்லை.

வண்டி கேட்டு ஜனம் வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். குறையை மேலே சொன்னால் மானேஜர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்குப் பயந்தேன். இன்று ஷெட்டில் வாரத்துக்கு இரண்டு வண்டி வருகிறது. மற்ற நேரமெல்லாம் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அதைவிட எத்தனை பெரிய தனிமையில் அவரை நிறுத்திவைத்தேன்!

வசந்தி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இந்தச் சபையின் முன்னால் ஒன்று சொல்கிறேன். அவர் விட்டுப்போன வேலை இனி என்னுடையது. பதினொன்றையும் இங்கிலீஷில் எழுதிவிட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்ப்பேன். அனுப்புநர் இடத்தில் என் பெயரும் என் வீட்டு முகவரியும் இருக்கும். வராத பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.