கேமராவைத் திருப்புகிற வேலை

துபாயில் மீன் பிடிக்கக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவது எங்கள் இடத்துக்கு மட்டும்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே குளிர்க்கூடம், அதன் நடுவில் ஆழமான ஒரு தொட்டி, மேலே உறைந்த பனி. பனியில் சிறிய துளைகள் போட்டிருக்கிறோம். ஸ்டூலில் உட்கார்ந்து அதற்குள் தூண்டில் விடலாம். கனடாவில் உறைந்த ஏரிகளில் இப்படித்தான் பிடிக்கிறார்களாம்.

ஒரு துளை வழியாகக் கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கியிருப்போம். கீழே மீன் வருவது மேலே திரையில் தெரியும். அந்தக் கேமராவுக்கு நான்தான் பொறுப்பு. சதக்கத்துல்லா பாய், நான் சொல்வதை அதிகாரிக்கு அப்படியே அரபியில் சொல்லுங்கள். நல்லதாக்கியும் சொல்ல வேண்டாம், கெட்டதாக்கியும் சொல்ல வேண்டாம்.

முதலில் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி மீன் தூண்டிலைத் தொடாது. வேளாவேளைக்குத் தீனி கிடைக்கிற மீனுக்கு என்ன தலையெழுத்து? அதனால் ரஜிதன் காற்றுச் சிலிண்டரோடு பனிக்கடியில் இருப்பான். கையுறை போட்டால் மீன் வழுக்கும் என்று வெறுங்கையாலேயே பிடித்துக் கொக்கியில் மாட்டி, நூலை ஒரு இழுப்பு இழுப்பான். மேலே பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அவன் கை திரையில் தெரிந்தால் எங்கள் மானம் போய்விடும். ஆகவே அவன் நெருங்கும்போதெல்லாம் கேமராவை மறுபக்கம் திருப்புவது என் வேலை.

இன்னொரு வேலையும் உண்டு. அவன் ஏறி வர இருக்கும் வழி பின்பக்கத்து இரும்பு மூடி ஒன்றுதான். வருகிற பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று அதை மேலேயிருந்து தாழிட்டு வைப்போம். ஆட்கள் போன பிறகு அவன் கையை மடக்கிக் கேமராவுக்குக் காட்டினால் நான் போய்த் திறந்துவிட வேண்டும்.

ரஜிதனை இங்கே கூப்பிட்டவன் நான். ஊரில், மயிலிட்டிக் கடலில் கடலட்டை பிடிக்க மூழ்கிக்கொண்டிருந்தவன். விசா எடுத்துக் கொடுத்தேன், என் அறையில் இடம் கொடுத்தேன், கடைசியில் என் தங்கை கஜாலினியையும் கொடுக்கச் சம்மதித்தேன். போன லீவில் கஜாலினியும் அவனும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அந்த மோதிரத்தோடுதான் தண்ணீரில் இறங்குவான். "கழட்டி வையடா" என்று நான் சொன்னால், "கழட்டமாட்டன் அண்ணை, அவளுக்குக் குடுத்த வாக்கு" என்று சிரிப்பான். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் திரையில் அவன் கை வந்தது. விரலில் மோதிரம் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய்தானே சொல்வான். அதன் பிறகு அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடமாடினான். கஜாலினி போனில் அழுதாள்: "அண்ணா, அவர் இப்ப வீடியோவில வாறாரில்லை. கேட்டா நெட் சரியில்லை எண்டுறார். என்னை வேண்டாம் எண்டுட்டாரோ?"

அடுத்த நாள் பர் துபாயில், மீனா பஜார் நகைக்கடை ஒன்றுக்குள் அவன் நுழைவதை நானே கண்டேன். யாருக்கு நகை? கூட இருந்தே குழி பறிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி ஒருத்தன் என் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருந்தான்.  ஆனாலும் நான் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகக் கூடத்தை மூடுவோம். எல்லாரும் போய்விட்டார்கள். ரஜிதன் மட்டும் நின்றான். "அண்ணை, ஒருக்கா கீழ இறங்கிட்டு வாறன். அடியில உடைஞ்ச கொக்கியள் கிடக்கு, பொறுக்கோணும்" என்றான்.

"போயிட்டு வா" என்றேன்.

அவன் இறங்கியதும் வழக்கம்போல மூடியைத் தாழிட்டேன். துளைகளின் மேல் பலகை வைத்தேன். அதுவும் வழக்கம்தான். பிறகு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். அவன் தொட்டித் தரையைக் கையால் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்துக் கையை மடக்கிக் காட்டினான். கொஞ்சம் பொறுக்கட்டும் என்று இருந்தேன். மறுபடியும் காட்டினான். பிறகு கேமராவுக்கு மிக அருகில் வந்தான். முகக்கண்ணாடிக்குள் கண்கள் தெரிந்தன.

நான் கேமராவைத் திருப்பினேன். அவன் நெருங்கினால் திருப்ப வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பனி தடிப்பானது, பெரிய சத்தம் வராது. அது நிற்கும்வரை இருந்துவிட்டு வெளியே போய்த் தேத்தண்ணி குடித்தேன். குளிரில் இருந்து வந்த உடம்புக்கு இதமாக இருந்தது.

இப்போது கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டுகிறீர்கள். தொட்டியின் மூலை தெரிகிறது. தண்ணீர் வடியும் கம்பிவலைக்குப் பக்கத்தில் ஏதோ மின்னுகிறது. ஆமாம், அவனுடைய மோதிரம்தான். நான் அன்றைக்கே பார்த்தேன். அப்போதும் அவன் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

குளிர்ந்த தண்ணீரில் விரல் ஒடுங்கும், மோதிரம் தானாகக் கழன்று விழும் என்கிறார் அதிகாரி. அதைத் தேடத்தான் இறங்கினானாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லியிருந்ததாக நகைக்கடைக்காரரும் சொன்னாராம். வெறும் விரலைக் கஜாலினி பார்த்துவிடக் கூடாது என்றுதான் வீடியோவில் வரவில்லையாம்.

இருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய்க்கு வாய் அண்ணை என்று கூப்பிட்டவன் அதை என்னிடம் மறைத்தானே, அது துரோகம் இல்லையா? வேண்டுமென்றேதான் மூடியைத் திறக்கவில்லை. அவன் சாக வேண்டும் என்றுதான் திறக்கவில்லை. எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும், பாய். அந்த மோதிரத்தைக் கஜாலினிக்கு அனுப்பும்போது, அவன் கழற்றி எறிந்துவிட்டான் என்றே சொல்லச் சொல்லுங்கள். இவனுக்காக அவள் அழக் கூடாது. நான் இதையெல்லாம் செய்தது அவளுக்காகத்தானே.