கொச்சங்காடியில் குறைந்த மண்

1961 மார்ச் 9ஆம் தேதி மட்டாஞ்சேரி காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னது.

என் பெயர் பத்ருன்னிசா, வயது நாற்பத்தாறு, காலஞ்சென்ற மைதீனின் மனைவி, கொச்சங்காடியில் சுக்குப் பண்டகசாலைக்குப் பின்வரிசையில் குடியிருக்கிறேன். சுக்குப் பொறுக்குவது வயிற்றுக்கு. மற்றபடி நான் மட்டாஞ்சேரி பூமி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவி. மனை பார்ப்போம், நீரோட்டம் பார்ப்போம், பூமிக்கடியில் நடப்பதைப் பற்றிக் கூடிப் பேசுவோம். யாரிடமும் ஒரு சாயாகூட வாங்கிக் குடித்ததில்லை. எங்களைப் புதையல் கும்பல் என்பவன் வாய் அழுகிப் போகும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிறு காலை, ஆலுவா வியாபாரி கபீர் தாம் வாங்கவிருந்த மனையைப் பார்க்கக் கூப்பிட்டதால், நானும் சங்கத்தைச் சேர்ந்த ஆறுச்சாமியும் போனோம். மனை வெங்கிடேஸ்வரன் முதலாளிக்குச் சொந்தம். முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டோம். மண் மிஞ்சினால் அங்கே வீடு கட்டலாம், குறைந்தால் கூடாது. குறைந்தது. நல்ல மண் என்று சொல்லச் சொல்லி முதலாளி என்னிடம் கண்ணைக் காட்டினார்.

"மண்ணு பத்தலைன்னா பத்தலை, மொதலாளி. உங்க மொகத்தப் பாத்துப் பொங்குமா?" என்றேன்.

கபீர் மனை வேண்டாமென்று போய்விட்டார். அதன் பிறகு முதலாளி, நாங்கள் குழி மண்ணைக் களவாடி மடியில் ஒளித்து வியாபாரத்தைக் கெடுத்ததாக இங்கே புகார் கொடுத்தார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் முன்னிலையிலேயே மறுபடி தோண்ட வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

அதன்படி இன்று காலை முதலாளி காட்டிய இடத்தில் அவருடைய ஆட்களே வெட்டினார்கள். சங்கத்தார் எல்லோரையும் கைகட்டி ரோட்டோரம் நிற்க வைத்தேன். மிஞ்சிவிட்டால் சங்கம் இன்றோடு தீர்ந்தது என்று எனக்குத் தெரியும். முதலாளியின் ஆட்களே மண்ணைப் போட்டு மிதித்தார்கள். குழி நிறையவில்லை. அதன் பிறகு முதலாளி பக்கத்து மண்ணைச் செருப்புக்காலால் குழிக்குள் தள்ளினார். ஊரே பார்த்துச் சிரித்தது. அப்படியும் நிறையவில்லை.

"அவ்ளோதான் இத்தாத்தா, மொதலாளி புகாரைத் திரும்ப எடுத்துக்கிறாராம். ஒப்பு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்று ஏட்டு அக்கா முறை வைத்துச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. ஊரறியத் திருடி என்று சொல்லிவிட்டு ஊரறியாமல் எடுத்துக்கொள்வதா? சங்கத்தார் ஒரு பிடி மண்ணும் எடுக்கவில்லை என்று முதலாளி அந்தக் குழியருகே நின்று உரக்கச் சொல்லட்டும். இல்லையென்றால் வழக்கு நடக்கட்டும். எந்தக் கோர்ட்டுக்கும் வருகிறேன், கையில் மண்வெட்டியோடு வருகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நிஜம். தலைவி என்பதை விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் போடச் சொன்னார்கள். மாட்டேன்.

(ஒப்பம்) மை. பத்ருன்னிசா
தலைவி, மட்டாஞ்சேரி பூமி ஆராய்ச்சிச் சங்கம்